தாயின் பெயரில் ஓர் இசைத்தட்டு

ஷூவுக்கு நாக்கு உண்டு; அதைத் தைத்தவளுக்கு உண்டா?

ஆம்பூர்த் தோழர்களுக்கு இந்தக் கேள்வி உடனே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஷூக்கயிற்றுக்கு அடியில், பாதத்தின் மேல் படிந்து கிடக்கிறதே ஒரு தோல் துண்டு, அதற்கு நாக்கு என்று பெயர். அது ஊமை நாக்கல்ல, பேசும் நாக்கு! எந்தக் கம்பெனிச் சரக்கு என்று பேசும். அளவு என்ன என்று பேசும். எந்த நாட்டில் செய்தது என்றுகூடப் பேசும். ஒன்றை மட்டும் பேசாது. யார் தைத்தது என்று பேசவே பேசாது!

அண்மையில் ஒரு மாலைப்பொழுது. ஆம்பூரை அடுத்த ஓர் ஊரில், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு தாய். ஐம்பதைக் கடந்த வயது. மடியிலே ஷூவின் மேல்பாகம், கையிலே ஊசி, விரலிலே துணிச் சுற்று. ஏஜெண்டு மூட்டை கட்டிக் கொண்டுவந்து போடுவார். அம்மையார் தைத்து அடுக்குவார். ஜோடிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. அவருடைய மகன், டேனரியில் வேலை முடித்து வந்தவன், கைப்பேசியில் ஒரு பாட்டை ஓடவிட்டான். ஆங்கிலப் பாட்டு. ஆனால் அதற்குள்ளே ஒரு மேளம்!

ஊசி நின்றது. தாய் தலை நிமிர்ந்தார்.

“எந்த ஊரு மேளம்டா இது? உறுமி மாதிரி கேக்குது.”

“லண்டன் பாட்டும்மா.”

“லண்டன்ல ஏதுடா உறுமி?”

மகன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஏனெனில் அந்தத் தாயின் காது பொய் சொல்லவில்லை. அது உறுமியேதான்! தமிழ்நாட்டு உறுமி. சென்னையிலே அடித்துப் பதிவு செய்யப்பட்டு, கடல் கடந்து, கண்டம் கடந்து, உலகத்தின் காதுகளில் எல்லாம் ஒலித்துவிட்டு, திரும்பவும் ஆம்பூர்த் திண்ணைக்கு வந்து சேர்ந்த உறுமி!

பாட்டின் பெயர் ‘பாய்ஸ்’. பாடியவர் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்றால் உலகம் அறியும். அந்தப் பாட்டு இடம்பெற்ற தொகுப்பு, அவருடைய இரண்டாவது இசைத்தட்டு, 2007 ஆகஸ்டு மாதம் வெளிவந்தது. அந்தத் தட்டுக்கு அவர் வைத்த பெயர் ‘கலா’.

யார் அந்தக் கலா? கோட்டையில் கொலுவிருந்த அரசியா? வெள்ளித்திரையில் மின்னிய தாரகையா? இல்லை தோழர்களே, இல்லை! கலா என்பவர் மாதங்கியின் தாய். பிள்ளைகளை வளர்க்க இலண்டனிலே துணி தைத்துப் பிழைத்த தையல் தொழிலாளி!

ஊசி பிடித்த ஒரு தமிழ்த் தாயின் பெயர், உலகம் முழுதும் விற்ற ஓர் இசைத்தட்டின் முகப்பிலே! அந்தச் சேதியைத் திண்ணையில் இருந்த தாய்க்குச் சொன்னேன். “தைக்கிறவ பேரா?” என்று கேட்டார். பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினார். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மாதங்கி 1975ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டார். தந்தை அருளர், ஈழப் போராட்ட அமைப்பான ஈரோசின் தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவர். போராட்டத்தில் இறங்கிய தந்தை வீட்டில் தங்க முடியுமா? தங்கவில்லை. பிள்ளைகளைக் கட்டிக் காத்தவர் தாய்தான். யாழ்ப்பாணத்தில் காத்தார், சென்னைக்கு வந்து காத்தார், மீண்டும் யாழ்ப்பாணம் போய்க் காத்தார். போர் முற்றியது. 1986ஆம் ஆண்டு, மாதங்கிக்குப் பதினொரு வயது நிரம்பும் தறுவாயில், அகதிகளாக இலண்டன் போய்ச் சேர்ந்தார்கள்.

அகதி என்ற சொல் நம் பகுதிக்கு அந்நியச் சொல்லா? வேலூருக்குப் பக்கத்தில் மேல்மொணவூரிலே இருக்கிறதே முகாம், அதற்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். எத்தனை கலாக்கள்! எத்தனை மாதங்கிகள்! 2021ஆம் ஆண்டு அந்த மேல்மொணவூரில் நடந்த அரசு விழாவில்தான், முகாம்வாழ் மக்களுக்குப் புதிய வீடுகள் கட்டும் திட்டம் தொடங்கியது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. பெயர் மாறினால் போதுமா என்று கேட்போர் உண்டு. போதாதுதான். ஆனால் பெயரில் தொடங்காத மரியாதை எங்கே இருக்கிறது?

எம்.ஐ.ஏ. என்னும் மூன்று எழுத்துக்குப் பொருள் தெரியுமா? ‘போர்க்களத்தில் காணாமற் போனவர்’ என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. காணாமற் போனவர் பட்டியலில் இருக்க வேண்டியவள், கண்ணெதிரே மேடையேறி நின்று, ‘இதோ இருக்கிறேன்’ என்று பாடினாள்!

2005இல் வந்தது முதல் தட்டு. பெயர் ‘அருளர்’, அதாவது தந்தையின் பெயர். திறனாய்வாளர்கள் கொண்டாடினார்கள். பிரிட்டனின் மெர்க்குரிப் பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. இரண்டாவது தட்டு தாயின் பெயரில் வந்தது. கொள்கைக்காக வெளியே நின்ற தந்தைக்கு ஒன்று. கஞ்சிக்காக உள்ளே உழைத்த தாய்க்கு ஒன்று! இரண்டில் எது பெரிய போர் என்று மகள் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் உலகம் தீர்ப்புச் சொன்னது. இரண்டாவதே இன்னும் பெரிதாக வென்றது.

அந்த வெற்றி எளிதில் வந்ததா? இல்லை. முதல் தட்டில் ஓங்கியவர் இரண்டாவதில் ஓய்ந்துபோவார் என்பது இசையுலகில் பழகிப்போன பேச்சு. அந்தப் பேச்சோடு ஒரு முட்டுக்கட்டையும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவில் தங்கிப் பெரிய தயாரிப்பாளர்களுடன் பணியாற்றத் திட்டமிட்டிருந்தார் மாதங்கி. 2006ஆம் ஆண்டு விசா கிடைக்காமல் போயிற்று. கதவு சாத்தப்பட்டது!

கதவு சாத்தினால் என்ன செய்வது? வாசலில் உட்கார்ந்து அழுவது ஒரு வழி. ஊர் உலகம் பார்த்து நடப்பது இன்னொரு வழி. மாதங்கி நடந்தார். சென்னை, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று நடந்தார். பணக்கார நாட்டுக் கதவு அடைபட்டதால், பாட்டாளி நாடுகளின் தெருக்கள் திறந்துகொண்டன. சென்னையிலே ஏ.ஆர். ரகுமான் தம் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடத்தை உதவினார். உறுமிக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். கோயில் திருவிழாவிலும், சாவு ஊர்வலத்திலும், கானாப் பாட்டிலும் முழங்கிய மேளம் ஒலிவாங்கியின் முன்னால் முழங்கியது.

‘கலா’வைக் கேட்டுப் பாருங்கள். முதற்பாட்டு ‘பேம்பூ பாங்கா’. அதற்குள்ளே இளையராஜா வருகிறார்! 1991இல் வெளிவந்த ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாட்டின் இசைத்துண்டு அதில் ஒலிக்கிறது. ‘ஜிம்மி’ என்றொரு பாட்டு. 1982இல் வந்த ‘டிஸ்கோ டான்சர்’ இந்திப் படத்துக்குப் பப்பி லாஹிரி இசையமைத்த பாட்டின் மறுவடிவம் அது. இன்னொரு பாட்டில் ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்கள் பாடுகிறார்கள். மற்றொன்றில் நைஜீரிய வழிவந்த இளைஞன் ஒருவன் பாடுகிறான். உலகத்துத் தெருக்கோடிகள் எல்லாம் கூடி நடத்திய மாநாடு அந்தத் தட்டு!

பதினொன்றாவது பாட்டு ‘பேப்பர் பிளேன்ஸ்’. காகித விமானங்கள்! விசா என்ற காகிதத்துக்கு ஏங்கி நின்றவள் பாடிய பாட்டு. பல்லவியிலே துப்பாக்கி வெடிக்கிறது, கல்லாப்பெட்டி திறக்கிறது. ‘வெளிநாட்டான் வருவது கொள்ளையடிக்கத்தான்’ என்று கருதும் கனவான்களை நோக்கி, ‘ஆமாம், அப்படித்தான்!’ என்று கேலி செய்யும் பாட்டு. அமெரிக்கத் தொலைக்காட்சிகள் என்ன செய்தன தெரியுமா? துப்பாக்கிச் சத்தத்தை மட்டும் அழித்துவிட்டு ஒளிபரப்பின. குண்டு விழுந்த ஊரிலிருந்து தப்பி வந்தவளின் பாட்டிலே குண்டுச் சத்தம் கூடாதாம்! கல்லாப்பெட்டிச் சத்தம் இருக்கலாமாம்!

அந்தப் பாட்டு 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் நான்காம் இடம்வரை ஏறியது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் ஒலித்தது. தட்டை ‘ரோலிங் ஸ்டோன்’ ஏடு 2007ஆம் ஆண்டின் சிறந்த இசைத்தட்டு என்று முதலிடத்தில் வைத்தது. அமெரிக்காவில் ஐந்து இலட்சம் எண்ணிக்கைக்கு வழங்கப்படும் தங்கத் தகுதியும் அதற்குக் கிடைத்தது.

2009 பிப்ரவரி 8ஆம் நாள், கிராமி விழா. அந்த ஆண்டின் சிறந்த பாட்டுப் பதிவுக்கான பட்டியலில் ‘பேப்பர் பிளேன்ஸ்’ இருந்தது. பரிசு வேறொருவருக்குப் போயிற்று. ஆனால் மேடையை யார் மறப்பார்? நிறைமாதக் கர்ப்பிணியாக, மருத்துவர் குறித்த பிரசவ நாளிலேயே, மேடையேறிப் பாடினார் மாதங்கி! மூன்று நாள் கழித்து மகன் பிறந்தான். வயிற்றில் பிள்ளையுடன் கடைசி நாள்வரை வேலைக்குப் போகும் பெண்களை நாம் அறிவோம். ஆம்பூர் பஸ்ஸிலே தினம் பார்க்கிறோம். அவர்களுக்குக் கேமரா இல்லை, கைதட்டல் இல்லை. அவ்வளவுதான் வேறுபாடு!

தோழர்களே, இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

உறுமி எதனால் ஆனது? மரத்தால், தோலால் ஆனது. இரண்டு முகம் அதற்கு. ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள், மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்கத் தோல் உறுமும். வாணியம்பாடியில், ஆம்பூரில், பேரணாம்பட்டில், மேல்விசாரத்தில், இராணிப்பேட்டையில் நாம் தொட்டுப் புரட்டும் தோலுக்கும் அந்தத் தோலுக்கும் சாதி வேறா? ஒரு காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய தோல், பின்னர் குரோம் மருந்தில் உருண்ட தோல். டேனரியில் உருளுகிறதே பெரிய மரப்பீப்பாய், அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம்? டிரம்! உறுமிக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? அதுவும் டிரம்தான்! ஒரு டிரம்முக்குள் தோல் உருளுகிறது, ஒரு டிரம்மின் மேல் தோல் உறுமுகிறது.

அந்தத் தோலைத் தொட்டவனைத் தொடாதே என்றது சமுதாயம். அந்தத் தோலை அடித்தவனை ஊருக்கு வெளியே நிறுத்தியது. சாவுக்கு அவன் மேளம் வேண்டும், சாப்பாட்டுப் பந்தியில் அவன் வேண்டாம்! தோலில் செய்த செருப்பு வேண்டும், செருப்புச் செய்தவன் தெருவுக்குள் வேண்டாம்! இப்படி விலக்கப்பட்ட மேளம்தான் உலகத்து இளைஞர்களை ஆடவைத்தது. ‘தீட்டு’ என்றவர்களின் பேரப்பிள்ளைகளும் அதற்கு ஆடினார்கள், காசு கொடுத்து ஆடினார்கள்!

பெருமைதான். ஆனால் பெருமையோடு ஒரு கேள்வியும் கேட்கத்தான் வேண்டும். ‘பாய்ஸ்’ பாட்டைக் கேட்ட இலட்சக்கணக்கானோரில், அதற்கு உறுமி அடித்த ஒருவரின் பெயரையாவது சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? தாயின் பெயரை முகப்பிலே போட்ட மகளின் தட்டிலேயே இந்த நிலை என்றால், தாயென்றும் மகளென்றும் பாராத சந்தையிலே நிலை என்னவாக இருக்கும்?

என்னவாக இருக்கும் என்பதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. 2015 ஜனவரி 31, விடியுமுன் இராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. சேறு பாய்ந்தது. உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பத்துப் பேர் என்பது நமக்கு நினைவிருக்கிறது. பத்துப் பெயர்கள் நினைவிருக்கின்றனவா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!

பெயர் என்பது அலங்காரம் அன்று, ஆதாரம்! பெயர் இருந்தால்தான் சம்பளச் சீட்டு. சம்பளச் சீட்டு இருந்தால்தான் பி.எஃப். பி.எஃப். கணக்கு இருந்தால்தான் முதுமைக்கு ஒரு பிடி சோறு. தொழிற்சாலைக்குள் மிஷினில் தைக்கும் பெண்ணுக்கு வருகைப் பதிவேட்டிலாவது பெயர் இருக்கிறது. போராடினால் கூலியைக் கேட்கலாம். திண்ணையில் தைக்கும் பெண்ணுக்கு? அவர் தைத்த ஷூ கப்பலேறி ஐரோப்பா போகிறது. கம்பெனியின் ஏட்டில் அவர் இல்லை. ஏஜெண்டின் நோட்டில் ‘இத்தனை ஜோடி’ என்ற எண் இருக்கிறது, ஆள் இல்லை. ஊசி குத்தினால் ஈ.எஸ்.ஐ. இல்லை. கண் மங்கினால் கேட்பார் இல்லை. எம்.ஐ.ஏ.! காணாமற் போனவர்! போர்க்களத்தில் அல்ல, வேலைக்களத்தில்!

1996ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மாநாடு, வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கென்றே ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 177ஆவது உடன்படிக்கை. ஆலைத் தொழிலாளிக்கு உள்ள உரிமை, திண்ணைத் தொழிலாளிக்கும் வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா அதற்கு இன்னும் ஒப்புதல் தரவில்லை.

‘பாட்டுப் பாடினால் கூலி உயருமா?’ என்று ஒரு தோழர் கேட்பார். கேட்கட்டும். உயராது! எந்த இசைத்தட்டும் ஜோடிக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்ததில்லை. ஆனால், தைத்தவளின் பெயரை முகப்பில் போட்டாலும் சரக்கு விற்கும், தங்கமாய் விற்கும் என்று ‘கலா’ மெய்ப்பித்துக் காட்டியது. ‘பெயர் போட்டால் வியாபாரம் கெடும்’ என்பவனுக்கு வேறென்ன பதில் வேண்டும்?

இந்தப் பாடத்தை நம் மண்ணின் மகனும் படித்திருக்கிறான். அரக்கோணத்துப் பிள்ளை அறிவு. ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்று 2021இல் உலகத்தை ஆடவைத்த பாட்டை எழுதி, தீயுடன் சேர்ந்து பாடியவர். அந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று 2022இல் எழுந்த சர்ச்சையை நாடறியும். தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் பெயருக்காக ஒரு கலைஞன் ஏன் அவ்வளவு மனம் நொந்தான் என்பது, ஏட்டில் பெயரில்லாத ஒவ்வொரு தொழிலாளிக்கும் புரியும். 2024இல் அவர் வெளியிட்ட தொகுப்பின் பெயர் என்ன? ‘வள்ளியம்மா பேராண்டி’! இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டியின் பெயர். அங்கே கலா, இங்கே வள்ளியம்மா! ஊசி பிடித்த தாய்க்கு மகள் பெயர் சூட்டினாள். கொழுந்து கிள்ளிய பாட்டிக்குப் பேரன் பெயர் சூட்டினான்.

நாம் யாருக்குச் சூட்டப்போகிறோம்?

இசைத்தட்டு போட நமக்குத் தெரியாது. பெயர் எழுதத் தெரியுமல்லவா? 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. அதன்வழி அமைந்த நலவாரியங்களில் காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளருக்கென்று ஒரு வாரியம் இருக்கிறது. பதிந்தால் அடையாள அட்டை உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கு உதவி உண்டு. விபத்துக்கு உதவி உண்டு. அறுபது ஆனால் ஓய்வூதியத்துக்கு வழி உண்டு. இது முழு உரிமை அன்று, முதற்படி. ஆனால் ஏறாத படியில் நின்று மாடியைப் பற்றிப் பேசி என்ன பயன்?

ஒவ்வொரு கிளைத் தோழரும் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். உங்கள் தெருவில் திண்ணைதோறும் செல்லுங்கள். மடியில் தோலும் கையில் ஊசியுமாக உட்கார்ந்திருக்கும் தாய்மாரைக் கேளுங்கள்: ‘அம்மா, உங்கள் பெயர் என்ன?’ எழுதுங்கள். பத்துப் பெயர் எழுதுங்கள். நூறு பெயர் எழுதுங்கள். எழுதிய பெயரை வாரியத்தில் பதியும்வரை ஓயாதீர்கள்!

அன்று மாலை புறப்படும்போது அந்தத் திண்ணைத் தாயிடம் பெயர் கேட்டேன். முதலில் வெட்கப்பட்டார். “என் பேரு எதுக்குப்பா?” என்றார். மகன்தான் சொன்னான்: “சொல்லும்மா, எழுதிக்கட்டும்.”

சொன்னார். எழுதிக்கொண்டேன். என் நோட்டில் அதுதான் முதற்பெயர். உங்கள் நோட்டில் முதற்பெயர் யாருடையது?